பழஞ்சாமானும் படப்பெட்டியும்



ஊரில் "பழையது" என்ற சொல்லுக்கு இருவேறு மதிப்புகள் இருந்தன. அம்மம்மாவின் கழுத்தில் கிடந்து, அம்மாவிடம் வந்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்கிய சங்கிலி பழையது. அப்பப்பா காலத்துப் பித்தளை அண்டாவும் நாற்சார் வீட்டின் பாலைமரக் கதவும் பழையவைதாம். அவை பழையவையாக இருப்பதே குடும்பத்துக்குப் பெருமை. ஆனால் முன்பின் அறியாத ஒருவர் உடுத்துக் களைந்த உடுப்போ, படுத்தெழும்பிய மெத்தையோ வீட்டுப் படியேறக் கூடாது. அது தரித்திரம் என்றார்கள் மூத்தோர். புதுச் சேலைக்குக்கூட ஓரத்தில் மஞ்சள் தடவிய பின்னர்தான் உடுத்தினோம்.

இலண்டனின் முதலாவது குளிர்காலம் அந்தக் கணக்கை அடியோடு மாற்றிவிட்டது. விமான நிலையத்தில் இறங்கியபோது உடம்பிலிருந்த பருத்திச் சட்டை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்று நிறுத்திய இடம், தெருமுனையிலிருந்த சரிட்டிக் கடை. எவரோ ஒரு வெள்ளைக்காரர் பத்து வருடம் போட்டுத் திரிந்த கம்பளிக் கோட்டு, ஒரு சில பவுண்களுக்கு நம்முடையதாயிற்று. தரித்திரம் வரும் என்று பயந்தோம். வந்தது சூடுதான்.

இந்தக் கடைகளின் பிறப்பு நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய கதை. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியரும் அவர்தம் கூட்டாளிகளும் கிரேக்க நாட்டைப் பிடித்து வைத்திருந்தனர். பிரித்தானியாவும் அதன் நேச நாடுகளும் அந்த நாட்டுக்குக் கடல்வழித் தடை விதித்தன. இரண்டுக்கும் நடுவே சிக்கிய மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். தடையைத் தளர்த்தி உணவு அனுப்ப வழிவிட வேண்டும் என்று கேட்டு, 1942இல் ஒக்ஸ்போர்ட் நகரில் சிலர் கூடி ஒரு குழு அமைத்தனர். அந்தக் குழுவே பின்னாளில் ஒக்ஸ்பாம் என்று பெயர் பெற்றது. 1940களின் பிற்பகுதியில் அந்நகரின் புறோட் வீதியில் அவர்கள் திறந்த கடையே இன்று தெருவுக்குத் தெரு நாம் காணும் சரிட்டிக் கடைகளுக்கு முன்மாதிரி எனலாம். பொருளாதாரத் தடைக்குள் கிடந்து, பற்றறிக்கும் எரிபொருளுக்கும் சீமெந்துக்கும் ஏங்கி, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு, இன்னொரு தடையின் காரணமாகப் பிறந்த கடையே முதற்கோட்டைத் தந்தது. வரலாறு சில வேளைகளில் இப்படியும் கணக்குத் தீர்க்கிறது.

சிதறிய நம் உறவுகள் எல்லோருக்கும் இப்படி ஒரு கடை வாய்த்தது. சுவிற்சர்லாந்தில் இருப்பவர்களுக்குப் புறொக்கன்ஹவுஸ். பிரான்சில் இருப்பவர்களுக்கு 1949இல் தொடங்கிய எம்மாவுஸ் இயக்கத்தின் கடைகள். நோர்வேயில் இருப்பவர்களுக்கு இரட்சணிய சேனையின் பிறெற்றெக்ஸ். கனடாவில் கோடை வந்ததும் வீட்டுக்கு வீடு கராஜ் விற்பனை. ஜேர்மனியிலோ பெரிய சாமான்களை வீதியோரத்தில் எடுத்து வைக்கும் நாள் வரும். அந்த நாளை நம்மவர் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார்கள்.

ஆண்டுகள் செல்லச் செல்லப் பழஞ்சாமான் வாங்குவது நமக்கொரு கலையாகிவிட்டது. பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து ஒலியிலேயே விரிசலை அறியும் அம்மாமார் நம்மிடையே உண்டு. கோட்டின் வெளித்தோற்றத்தைப் பாராமல் உட்துணியின் தையலைத் திருப்பிப் பார்ப்பார்கள். சோபா வாங்குவோர் அடிப்பக்கத்தைக் கவிழ்த்துத் தீப்பாதுகாப்புச் சீட்டு இருக்கிறதா என்று தேடுவார்கள். 1988இல் வந்த விதிகளின்படி அந்தச் சீட்டு இல்லாத சோபாவைச் சரிட்டிக் கடைகள் ஏற்பதில்லை. நுரைமெத்தை தீப்பற்றினால் எழும் நச்சுப்புகைக்குப் பலர் பலியான பின்னர் வந்த விதி அது. ஆகவே தனியாரிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோரும் அந்தச் சீட்டைப் பார்த்தே வாங்குதல் நன்று.

ஆனால் அந்நாட்களில் எத்தனை பொருள் வாங்கினாலும் ஒரு பொருள் வந்து சேரும்வரை வீடு வீடாகவில்லை. அதுதான் தொலைக்காட்சிப் பெட்டி.

இந்த நாட்டுக்கு அது புதிதல்ல. வட இலண்டனின் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி. 1936 நவம்பர் 2ஆம் திகதியே தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவிட்டது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். ரூபவாஹினி வந்தது 1982இல். யாழ்ப்பாணத்தில் நமக்குக் கொழும்பைக் காட்டிலும் கடலுக்கு அப்பாலிருந்த தூரதர்ஷனே கிட்ட. பனை உயரத்துக்குக் குழாய்களைப் பொருத்தி அன்ரனா கட்டினோம். காற்று வாய்த்த நாளில் படம் தெரியும். வாய்க்காத நாளில் புள்ளிகள் ஆடும். அந்தப் புள்ளிகளையும் அயலட்டைச் சனம் முற்றத்தில் பாய் விரித்து இருந்து பார்த்தது. விசேடமான நாளென்றால் ரி.வி.யும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வரும். விடியவிடிய மூன்று படம் ஓடும். 1990இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது அந்த வாழ்வும் நின்றது.

இங்கு வந்தபின், பெட்டி வாங்குவதைவிட அதற்கு அனுமதிப் பத்திரம் எடுப்பதே பலருக்கு வியப்பாக இருந்தது. படம் பார்ப்பதற்கும் அரசாங்கத்துக்குப் பணமா என்று கேட்டார்கள். 1990இல் வண்ணப் பெட்டிக்கு ஆண்டுக்கு 71 பவுண், கறுப்பு வெள்ளைக்கு 24 பவுண். இந்த வேறுபாட்டுக்காகவே கறுப்பு வெள்ளைப் பெட்டி தேடி அலைந்த குடும்பங்கள் உண்டு. 2025 ஏப்ரலில் வண்ணக் கட்டணம் 174 பவுண் 50 பென்சாக உயர்ந்தது.

செலவழித்த பணம் வீண்போகவில்லை. ஆங்கிலம் அறியாத எத்தனையோ தாய்மாருக்கு அந்தப் பெட்டியே ஆசிரியராக இருந்தது. காலநிலை அறிவிப்பாளர் எந்த இடத்தில் கையை வைக்கிறார் என்று பார்த்து, பிள்ளைக்குக் குடை கொடுத்து அனுப்பினார்கள். சீபாக்ஸ் சேவையின் 888ஆம் பக்கத்தைத் திறந்தால், பேசுவது எழுத்தாகக் கீழே ஓடும். நாடகத்தில் அழுபவள் என்ன சொல்லி அழுகிறாள் என்பதை அந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தே பலர் அறிந்துகொண்டார்கள். சீபாக்ஸ் 2012 ஒக்ரோபரில் மூடப்பட்டது. அதற்குள் அந்த மாணவிகள் தேறிவிட்டார்கள்.

பெட்டியை அடுத்து வந்தது டெக். ஈஸ்ற்ஹாமிலும் ரூட்டிங்கிலும் வெம்பிளியிலும் கத்தரிக்காய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் பக்கத்தில் படக் கசெற்றுகள் வாடகைக்கு அடுக்கப்பட்டிருந்தன. வெள்ளி மாலையில் எடுத்தால் திங்களன்று திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் டெக் வாங்கியதன் முழுப்பயன் சினிமாவில் இல்லை. ஊரிலிருந்து வரும் கசெற்றில் இருந்தது.

தங்கையின் திருமணத்துக்குப் போக முடியாத அண்ணன் அதைக் கசெற்றில் பார்த்தான். பெறாமகளின் சாமத்தியச் சடங்கைக் குஞ்சம்மா கசெற்றில் பார்த்தார். பெற்ற தகப்பனின் மரணச் சடங்கையும் அகதி விண்ணப்பம் முடிவாகாத மகன் கசெற்றில்தான் பார்த்தான். படம் பிடிப்பவருக்கும் அது தெரிந்திருந்தது. ஆகையினால் முகத்தருகில் கமெராவை நெடுநேரம் நிறுத்தி வைத்திருப்பார். வெளிநாட்டுப் பிள்ளை ஆறுதலாகப் பார்க்கட்டும் என்பதற்காக.

இதிலும் நாடு பிரிந்த துன்பம் விட்டுவைக்கவில்லை. பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளிலும் இலங்கை, இந்தியாவிலும் இருந்தது பால் என்னும் ஒளிபரப்பு முறை. படத்தை 625 கோடுகளாகப் பிரித்து வினாடிக்கு 25 தடவை காட்டும். கனடாவில் இருந்தது என்.ரி.எஸ்.சி. முறை. அதற்கு 525 கோடுகள், வினாடிக்கு ஏறக்குறைய 30 படங்கள். பிரான்சில் இருந்ததோ செக்காம். கோடுகள் ஒத்துப்போனாலும் வண்ணம் ஒத்துப்போகாது. ஆகவே ரொறன்ரோவிலிருந்து அக்கா அனுப்பிய திருமணக் கசெற் இலண்டன் டெக்கில் உருண்டு உருண்டு ஓடியது. பரிசிலிருந்து தம்பி அனுப்பியது கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பேர் மூன்று ஒளிபரப்பு முறைகளுக்குள் பிரிந்து கிடந்தார்கள். எல்லா முறையும் ஓடும் டெக் ஒன்றை எவராவது வாங்கிவிட்டால், அந்த வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்தன.

இவ்வளவையும் இன்று எழுதக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு சரிட்டிக் கடையின் வாசலில், இரவோடிரவாக எவரோ வைத்துவிட்டுப் போன பெட்டியொன்றைக் கண்டேன். உள்ளே பதினைந்து கசெற்றுகள். முதுகுச் சீட்டுகளில் தமிழில் எழுதியிருந்தது. "அக்கா கலியாணம் 1988." "அப்பு அந்தியேட்டி." "புதுவீடு குடிபூரல்." கடைப் பெண்மணி கைவிரித்தார். கசெற் எவரும் வாங்குவதில்லை, நாங்களும் ஏற்பதில்லை, குப்பைக்குத்தான் போகும் என்றார். அவரில் பிழையில்லை.

பெட்டியைத் தூக்கி வந்து, தமிழ்க் கடையொன்றின் கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டினேன். மூன்றாம் வாரம் இளைஞர் ஒருவர் வந்தார். இங்கு பிறந்தவர். தாயார் சிறிய வீட்டுக்கு மாறியபோது சாமான் ஒழித்தவர் அவர்தான்.

"அம்மான்ர கலியாணம் எண்டு தெரியும், அங்கிள். ஆனா நான் ஒருநாளும் பாத்ததில்லை. போட்டுப் பாக்க மெசின் இல்லை. வச்சிருந்து என்ன செய்யிறது எண்டு நினைச்சன்."

அவரையும் குறை சொல்வதற்கில்லை. பூட்டைக் காட்டாமல் திறப்பை மட்டும் கொடுத்தால் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமைக் கார்பூட் சந்தையில் 10 பவுணுக்கு ஒரு டெக் அகப்பட்டது. அதை அந்தத் தாயார் வீட்டில் பூட்டிப் போட்டோம். கோடுகள் ஓடின, பின் தெளிந்தது. மணவறையை அந்த அம்மா பார்க்கவில்லை. அதன் பின்னே தெரிந்த கிணற்றடியைப் பார்த்தார். "அதிலை நிக்கிற கமுகு ஐயா வச்சது" என்றார். பிறகு பந்தலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். இவர் இன்னார் மகன், ஷெல்லில் போனவர். இவ கனடாவில். இந்தப் பிள்ளை என்ன ஆனதென்று தெரியாது. மகன் அன்றுவரை கேட்டிராத பெயர்கள் அவை. அந்த வீடு இன்றில்லை, அத்திவாரம்கூட இல்லை என்றார் தாயார். அந்த வீடு இருப்பது இப்போது அந்த நாடாவில் மட்டும்தான்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், நினைவுகூர வேண்டும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வெளியேறியபோது எத்தனை வீட்டு அல்பங்கள் அலுமாரிக்குள் கிடந்து அழிந்தன என்பதை எவரும் எண்ணவில்லை. 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் உடுத்த உடுப்போடு வந்தார்கள். ஊரில் அழிந்தவற்றின் நிழல், முன்னரே வெளிநாட்டுக்கு அஞ்சலில் வந்த கசெற்றுகளில் தங்கியிருக்கிறது. கோயில் வீதி, ஒழுங்கை, வேலி, முற்றம், பந்தல், நாதஸ்வரக் கச்சேரி, அன்றைய பேச்சு, அன்றைய நடை எல்லாம் அவற்றில் உண்டு. எவரும் வரலாறு என்று நினைத்துப் படம் பிடிக்கவில்லை. கலியாணம் என்று நினைத்துத்தான் பிடித்தார்கள். அதனாலேயே அவை உண்மையானவை.

அந்த நாடாக்களுக்கு இப்போது காலம் நெருங்கிவிட்டது. வீ.எச்.எஸ். முறை 1976இல் ஜப்பானில் பிறந்தது. உலகில் கடைசிவரை அந்த டெக்கைச் செய்துவந்த பூனாய் என்னும் ஜப்பானிய நிறுவனம், உதிரிப்பாகம் கிடைப்பதே அரிதாகிவிட்டதென்று கூறி 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. புதிய டெக் இனி வராது. நாடாவில் காந்தத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசையும் ஈரத்தில் ஊறிக் கெடுகிறது. 2019இல் யுனெஸ்கோவின் திட்டமொன்றும் ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து உலக நிறுவனங்களை எச்சரித்தன. 2025ஐத் தாண்டினால் காந்த நாடாக்களை ஓடவைப்பதே கடினமாகும் என்பதே அந்த எச்சரிக்கை. அந்த ஆண்டு வந்துவிட்டது. கதவு இன்னும் முற்றாகச் சாத்தப்படவில்லை. ஆனால் சாத்திக்கொண்டிருக்கிறது.

ஆகவே இந்த வாரம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கட்டிலுக்கு அடியிலும் அலுமாரியின் மேல்தட்டிலும் தேடுங்கள். கசெற்றின் கண்ணாடித் துவாரத்தின் வழியே நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அதைப் போடவேண்டாம். டெக்கையும் கெடுத்து, அடுத்துப் போடும் கசெற்றையும் கெடுத்துவிடும். அதைத் தனியாக எடுத்து வைத்துத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்லவற்றின் முதுகோரத்தில் இருக்கும் சிறு பிளாஸ்ரிக் துண்டை உடைத்துவிடுங்கள். அதன்பின் எவரும் தவறுதலாக அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. அக்காவின் தாலிகட்டுக்கு மேல் உதைபந்தாட்டம் பதிந்த வீடுகள் நம்மிடையே குறைவல்ல.

நெடுங்காலம் ஓடாத நாடாவை முதலில் கடைசிவரை ஓடவிட்டு, மீண்டும் சுற்றி எடுங்கள். டெக்கையும் கணினியையும் இணைக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. வீட்டிலுள்ள இளையவர்களிடம் சொன்னால் ஒரு பிற்பகலில் பழகிக்கொள்வார்கள். மாற்றிய படத்தை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். முடியாதவர்கள் பணம் கொடுத்துச் செய்விக்கலாம். ஆனால் ரொறன்ரோவிலிருந்தோ பரிசிலிருந்தோ வந்த கசெற் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. படம் ஓடும்போது மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்துங்கள். அவர்கள் பேசுவதைக் கைத்தொலைபேசியில் பதியுங்கள். நாடாவில் முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. பெயர்கள் அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் மட்டுமே இருக்கின்றன. டெக்கைக் கார்பூட் சந்தையில் தேடலாம். அவர்களை எந்தச் சந்தையில் தேடுவது?

பழஞ்சாமான் கடையில் கேக் வைக்கும் தட்டையும் பூச்சாடியையும் தேடும் கண்கள், இனிமேல் மூலையில் தூசி படிந்து கிடக்கும் டெக்கையும் தேடட்டும். அகப்பட்டால் வாங்கி, கோயிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ பொதுவில் கொடுங்கள். பத்துக் குடும்பங்கள் பாவிக்கும். எங்கோ ஒரு வெள்ளைக்கார வீட்டில் பழசாகிப்போன பெட்டி, நம் வீட்டுப் பழையதைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம். அதற்கிடையில் ஒரு கசெற்றையாவது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.